ரிசீவரைக் கழற்றிய பிறகு

குளியலறைக் குழாய் சொட்டுவது நின்றுபோயிருந்தது.

தங்கைக்கு அது உடனே உறைக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்காவின் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வீட்டில் ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் டொக், டொக் என்று விழுந்து, தூக்கத்திலும் வேலையிலும் கூடவே வந்துகொண்டிருந்த சத்தம் அது. போய்ப் பார்த்தாள். குழாயின் வாய் உலர்ந்து கிடந்தது. கழுத்தில் யாரோ இடுக்கி போட்டுத் திருகிய கீறல் புதிதாகப் பளபளத்தது. குழாய்க்காரனுக்குப் போன் பண்ணிப் பண்ணி அலுத்து, அவன் சொன்ன 'இதோ வரேன்'களை எல்லாம் நம்பி ஏமாந்து, கடைசியில் அந்தச் சொட்டோடு அவள் சமாதானமாகப் போயிருந்த நேரம்.

காலையில் அக்காவைக் குளிப்பாட்ட வரும் நர்ஸம்மாவிடம் கேட்டாள்.

"குழாயை நீங்க சரி பண்ணீங்களா?"

"என் வீட்டுக் குழாயையே எனக்கு ஒழுங்கா மூடத் தெரியாதும்மா. நின்னுடுச்சுல்ல, விடுங்க. நல்லது நடந்தா அதைப் போய் நோண்டிக்கிட்டிருக்கக் கூடாது."

அவளும் விட்டுவிட்டாள். பாத்திரம் கழுவும்போது தன் வலது கை நகக்கண்களில் துரு அப்பியிருப்பதைப் பார்த்தாள். பழைய வாணலியைத் தேய்த்ததில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவினாள்.

அந்த வீட்டில் இரண்டே பேர். அக்காவுக்குப் பக்கவாதம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்து, வலது கைச் சுட்டுவிரலைத் தவிர கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போய்விட்டது. பேச்சும் போயிற்று. புத்தி மட்டும் அப்படியே இருந்தது; கண்ணைப் பார்த்தாலே தெரியும். ஒரு காலத்தில் தெரு முழுவதையும் வாயாலேயே ஆண்டவள். அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, ஒரு வேலையில் உட்காரவைத்தவளும் அவள்தான். இப்போது அவளுக்கு வெளிச்சம் ஆகாது. அதனால் நட்டநடு மதியத்திலும் அந்த வீட்டில் தடித்த திரைச்சீலைகள் தொங்கின. பவுடரும் மருந்தும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை அறைக்கு அறை நின்றது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இருமிக்கொண்டு ஓடியது. அக்காவின் சுட்டுவிரலில் நூல் கட்டி ஒரு சின்ன மணி. தண்ணீர் வேண்டுமென்றாலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும், பயமாக இருந்தாலும் அந்த மணிதான்.

தங்கையின் வேலை, டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே தட்டச்சு செய்வது. இருபது வருஷப் பழக்கம். காதில் விழுந்தது விரலில் வந்துவிடும். நடுவில் மனசுக்கு வேலையே கிடையாது. கட்டி, கசிவு, மரணம் என்று எது வந்தாலும் தட்டிவிட்டு, நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பாள். அலுவலகத்தில் அவளளவு வேகம் யாருக்கும் இல்லை. "காதுக்கும் விரலுக்கும் நடுவில நான் இல்லவே இல்ல," என்று அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

வீட்டிலிருந்தே வேலை செய்ய அலுவலகம் கொடுத்தனுப்பிய கம்பியில்லாத கீபோர்டு அவளுடையது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு ரிசீவர். அதை லேப்டாப்பில் செருகினால் கீபோர்டுக்கு உயிர். மதியம் வேலை முடிந்ததும் அந்த ரிசீவரைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போடுவாள். லேப்டாப்பை மூடுவாள். பிறகு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு தனக்காகத் தட்டத் தொடங்குவாள். திரை இல்லை, தாள் இல்லை. கிணற்றில் போட்ட கல்தான். எழுதிவைத்தால் யாராவது படிப்பார்கள், போனில் புலம்பினால் யாராவது புத்தி சொல்வார்கள், இதில் அந்த வம்பே இல்லை. நாளெல்லாம் ஊரார் பேச்சைத் தட்டிய விரல்களுக்கு அவளுடைய பேச்சும் கொஞ்சம் தேவைப்பட்டது. தட்டி முடித்தால் மனசு லேசாகிவிடும். அக்காவிடம் சிரித்த முகத்தோடு போவாள்.

போன வாரம் ஒருநாள், அக்கா விடியவிடிய மணியடித்துக் கண்மூட விடாததற்கு மறுநாள், ஆத்திரம் தீர ஒரே மூச்சில் தட்டினாள். இந்தக் குழாய் சொட்டுவது நிற்காதா. மேல் வீட்டில் மதியமானால் நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறாளே, அவள் கை ஓயாதா. இந்த மணிச்சத்தம் ஒழியாதா. கடைசியாக இன்னொன்றும் தட்டினாள். தட்டிய கையோடு அழிக்கும் விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். இல்லாத திரையில் எதை அழிக்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. அத்தோடு அதை மறந்துவிட்டாள், மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

குழாய் நின்ற பிறகு மேல் வீட்டு நாற்காலியும் நின்றது.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மதிய நேரத்தில் அந்தக் கட்டடமே காலியாகிவிடும். எல்லோரும் வேலைக்கோ பள்ளிக்கோ போயிருப்பார்கள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் ஒன்றுதான் இன்னொரு உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதுவும் போனதும், தன் மூச்சும் அக்காவின் மூச்சும் தனித்தனியாகக் கேட்கும் அளவுக்கு அமைதி. அந்த அமைதிக்குள் சிலசமயம் மிக மெதுவாக, விசை அழுந்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது. கைகளைத் தூக்கிப் பார்ப்பாள். சத்தம் நின்றுவிடும். பல்லி ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

படிக்கட்டில் மேல்வீட்டுக்காரம்மாவைப் பார்த்தபோது அவள் பேசாமல் சுவரோரம் ஒதுங்கினாள். எதிரே வந்தவர்களை நிறுத்திவைத்துக் காய்கறி விலை முதல் கால்வலி வரை ஒப்பிக்காமல் விடாத பெண்மணி.

"உடம்பு சரியில்லையா உங்களுக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கேன். நாற்காலிக்கு அடியில ரப்பர் போட்டுட்டேம்மா. இனிமே சத்தமே வராது."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலையே."

அந்தம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளையே பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுமே சொல்லலைதான். மதியம் பெல் அடிச்சுது, கதவைத் திறந்தேன், நீங்க நிக்கிறீங்க. என்னம்மா, என்னம்மான்னு எத்தனை தடவை கேட்டேன். வாயே திறக்கல. விரல் மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் கையைப் பிடிச்சு..." புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள். மூடுவதற்குள் தங்கை பார்த்துவிட்டாள். கன்றிப்போன விரல் தடங்கள், வரிசையாக. "விடுங்கம்மா. அக்காவைப் பார்த்துக்கிறதுல உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம்."

அந்த மதியத்தைத் தங்கை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கண்ணயர்ந்ததுதான் நினைவில் இருந்தது. எழுந்தபோது காலில் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் அவள் செருப்புப் போடுவதே இல்லை.

தூக்கத்தில் நடக்கும் வியாதி பற்றி எத்தனையோ டாக்டர்கள் சொல்லித் தட்டியிருக்கிறாள். அதுவாகத்தான் இருக்கும். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். முடிவு செய்ததே ஆறுதலாக இருந்தது.

மறுநாள் வேலை மும்முரத்தில் நேரம் போனதே தெரியவில்லை. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றியபோது, அக்கா கூப்பிட்டே வெகுநேரம் ஆகிவிட்டதே என்று சட்டென்று உறைத்தது. ஓடினாள். படுக்கை நனைந்து, ஈரம் ஆறிச் சில்லிட்டிருந்தது. அக்காவின் கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் தேங்கியிருந்தது. சுட்டுவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. மணியும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. சத்தம் வரவில்லை.

மணிக்குள் இருந்த நாக்கு இல்லை. யாரோ கவனமாக வளைத்துக் கழற்றி எடுத்திருந்தார்கள்.

"இதை யாரு பண்ணினதுக்கா? நர்ஸம்மாவா?"

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருமுறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை என்றால் இல்லை. அக்கா இரண்டு முறை இமைத்தாள்.

"வேற யாராவது வீட்டுக்குள்ள வந்தாங்களா?"

இரண்டு முறை.

தங்கை ஈரத் துணிகளை உருவினாள். படுக்கையை மாற்றினாள். அக்காவின் இடுப்புக்கடியில் கை கொடுத்துத் தூக்கும்போது அந்த உடம்பு, அசையவே முடியாத அந்த உடம்பு, தோலுக்குள் சுருங்கியது. இரண்டு வருஷமாகத் தினமும் தொட்டுத் தூக்கிய உடம்பு. அக்காவின் பார்வை அவள் முகத்தில் இல்லை. கைகள் போகிற இடமெல்லாம் கூடவே போயிற்று.

அப்போதுதான் போன் அடித்தது. அலுவலகத்துக் கம்ப்யூட்டர் ஆள். எப்போது பார்த்தாலும் மேசைக்கடியில் புகுந்து வயரைக் குடைந்துகொண்டிருப்பதால் எல்லோருக்கும் அவன் எலி. அவனே அப்படித்தான் சொல்லிக்கொள்வான்.

"மேடம், எலி பேசறேன். அந்தப் பழைய கீபோர்டு உங்ககிட்டயும் ஒண்ணு இருக்குல்ல? உடனே நிறுத்திடுங்க. புதுசு அனுப்பறோம்."

"ஏன், என்னாச்சு?"

"அதுக்குப் பூட்டே கிடையாது மேடம். நீங்க அடிக்கிற ஒவ்வொரு எழுத்தும் காத்துல அப்படியே அம்மணமா போகுது. சின்னதா ஒரு கருவி இருந்தா போதும், பக்கத்து வீட்டுல உக்காந்துகூடக் கேக்கலாம். டாக்டர் ரிப்போர்ட்டெல்லாம் அடிக்கிறோம், வெளிய தெரிஞ்சா நம்ம கதை கந்தல்."

அவள் மெதுவாகக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "ரிசீவரைப் பிடுங்கி வெச்சுட்டா போகாதுல்ல?"

எலி சிரித்தான். "ரிசீவர் காதுதான் மேடம். நம்ம காதை மூடிக்கிட்டா வாய் நின்னுடுமா? பேட்டரி இருக்கற வரைக்கும் கீபோர்டு பேசிக்கிட்டேதான் இருக்கும். எந்தக் காது திறந்திருக்கோ அதுக்குக் கேக்கும்."

"அடிச்சதை அழிச்சுட்டா?"

"அடிச்சதும் போகும், நீங்க அழிச்சீங்கன்றதும் போகும். ஆனா அதுக்குள்ள அவன் படிச்சிருப்பானே." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. அவனும் பதிலுக்கு அடிக்கலாம். அவன் அனுப்பற எழுத்தை ரிசீவர் நீங்க அடிச்சதாத்தான் எடுத்துக்கும். யாரோட விரல்னு அதுக்குத் தெரியாது மேடம். வந்ததைச் செய்யும், அவ்வளவுதான். மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

அவள் லைனில் இருந்தாள். தன் விரல்களைப் பார்த்தபடி வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாள். குழாய். நாற்காலி. மணி. அவள் தட்டிய அதே வரிசை. அடுத்தது எது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு எழுத்தும் தெரியும்.

ஒரு தலையணை போதும். கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

அதைத் தட்டியபோது அவளுக்கு அது வேண்டியிருந்ததா? அந்த ஒரு கணம், ஆமாம். அதைத் தனக்குள் மறைக்கவும் அவளால் முடியவில்லை. ஆனால் அடுத்த கணமே அழித்தாளே. அந்த அடுத்த கணத்தை யார் கேட்டார்கள்?

கீபோர்டின் பேட்டரிகளைப் பிடுங்கினாள். கீபோர்டை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தாள். விசைகளுக்கிடையிலிருந்து குமிழிகள் வந்து, பிறகு நின்றன. அக்காவின் மகனுக்குப் போன் பண்ணினாள். அவன் வேறு ஊரில் இருந்தான்.

"இன்னைக்கே வந்து அம்மாவை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போப்பா."

"என்ன சித்தி திடீர்னு? மழை இப்படிக் கொட்டுது. நாளைக்குக் காலைல வண்டி எடுத்துக்கிட்டு வந்துடறேன். அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல."

"உங்களுக்கு?"

காலையில் கட்டாயம் வரச்சொல்லி வைத்துவிட்டாள். ஒரு ராத்திரியைத் தாண்டினால் போதும்.

மேல் வீட்டிலிருந்து உதவிக்கு ஆள் கூப்பிடலாம்தான். என்னவென்று சொல்வது? வெளிச்சம் மங்குவதற்குள் அக்காவுக்குப் பால் புகட்டினாள், துணி மாற்றினாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். தலைக்கடியில் இருந்ததைத் தவிர அறையிலிருந்த தலையணைகளையெல்லாம் வெளியே கொண்டுபோய்ப் போட்டாள். பிறகு அதையும் உருவி எடுத்துவிட்டு, ஒரு துண்டை மடித்து வைத்தாள்.

"காலைல உன் மகன் வந்துடுவான்கா. அதுவரைக்கும் நான் உள்ள வர மாட்டேன். என்னைத் தப்பா நினைச்சுக்காத."

அக்கா ஒருமுறை இமைத்தாள்.

அறைக் கதவைப் பூட்டினாள். சாவியை மேலே எடுத்துப்போய், சங்கிலி போட்ட கதவின் இடுக்கு வழியாக நீட்டினாள். "இதை வெச்சுக்குங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. எவ்வளவு கெஞ்சினாலும் கதவைத் திறக்காதீங்க." அந்தம்மா இரண்டு விரலால் சாவியை வாங்கிக்கொண்டு கதவை அடைத்தாள். உள்ளே தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தங்கைக்குத் தெம்பாக இருந்தது.

கூடத்தில் எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கடியில் கொடுத்து அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்தாள். மழை ஜன்னல் தகரத்தில் விழுந்து சீறியது. திரைச்சீலைக்கு வெளியே சாம்பல்நிறம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரத்துணியின் வாடை எழுந்து தொண்டையில் நின்றது. தூங்கக் கூடாது. தூங்கினால்தான் வரும். தூங்காமல் இருந்துவிட்டால் போதும், டாக்டர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லலாம், மருந்துகளின் பெயர்களைச் சொல்லலாம், எதையாவது வாயால் சொல்லிக்கொண்டே இருக்கலாம் என்று முணுமுணுக்கத் தொடங்கினாள்.

தொடைக்கடியில் ஏதோ அசைந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மீண்டும் அசைந்தது. இடது மோதிர விரல். வலது நடுவிரல். வலது ஆள்காட்டி. கட்டைவிரல், இடைவெளிக்கு. கைகள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. விரல்கள் மட்டும் நாற்காலியின் மெத்தையில் அழுந்தி அழுந்தி எழுந்தன. எந்த விரல் எந்த எழுத்து என்று அவளுக்குத் தெரியாதா? இருபது வருஷம். படித்தாள். படிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு தலையணை போதும்.

"இல்ல," என்றாள் சத்தமாக. "நான் அதை அழிச்சுட்டேன். அழிச்சேன்."

கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா.

அவளுக்கும் நிம்மதி.

எனக்கும்.

அவள் அழிக்கத் தொடங்கிய இடம் அதுதான். சுண்டுவிரல் அந்த மூலை விசைக்குப் போகும் என்று காத்திருந்தாள். போகவில்லை. விரல்கள் நின்றுவிட்டன. மழை மட்டும் கேட்டது. வேறெங்கிருந்தோ, யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு நிசப்தம் மழைக்கு உள்ளே இருந்தது.

தூங்கவில்லை. அவள் கண்ணை மூடவே இல்லை.

பாதம் சில்லென்று இருந்தது. செருப்பு. ஈரச் செருப்பு.

நின்றுகொண்டிருந்தாள்.

மேல் மாடியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள், வாயைப் பொத்திக்கொண்டு. முதுகுக்குப் பின்னால் அக்காவின் அறைக்கதவு திறந்திருந்தது. பூட்டில் சாவி. சாவியில் ரத்தம். கூடத்து வெளிச்சம் கட்டிலின்மேல் நீளமாக விழுந்தது. அக்கா விழித்திருந்தாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கையின் கைகளில் வெள்ளைத் தலையணை இருந்தது.

தலையணையை விடும்படி கைகளிடம் சொன்னாள். விடவில்லை. காலைப் பின்னால் போகச் சொன்னாள். கால் முன்னால் போயிற்று. உடம்பில் அவளுக்கென்று மிச்சமிருந்தது வாயும் கண்ணும்தான்.

"அக்கா. இது நான் இல்லக்கா. நம்பறியா?"

அக்கா அவள் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அதில் வேறு யாரும் இல்லை. வளர்த்த முகம்தான், அழுதுகொண்டிருந்தது. அக்கா இரண்டு முறை இமைத்தாள்.

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

தலையணை இறங்கியது. அந்தக் கண்கள் அதற்கடியில் போகும்வரை அவளையே பார்த்தன. பஞ்சுக்கு அந்தப் பக்கம் சூடான மூச்சு ஒன்று உள்ளங்கையில் முட்டியது. மறுபடியும் முட்டியது. உறையின்மேல் பத்து விரல்களும் அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தி எழுந்து, அவள் ஒருபோதும் தட்டாத எதையோ தட்டிக்கொண்டிருந்தன.